ஞாயிறு வாசகங்களை வாரநாள்களிலேயே தியானிக்கச் சொல்வது ஏன்?

ஞாயிறு திருப்பலியில் (கோவில் வழிபாட்டில்) விவிலியத்திலிருந்து வாசிக்கப்போகும் பகுதிகளைத் திங்கள் முதலே கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துச் செபிப்பதுதான் இந்தத் தியானம். கத்தோலிக்கத் திருச்சபையில் இவை 3 ஆண்டுச் சுழற்சியில் முன்பே குறிக்கப்பட்டவை: பெரும்பாலும் முதல் ஆண்டு மத்தேயு, அடுத்து மாற்கு, பிறகு லூக்கா.

கோவிலில் முதல் வாசகம், பதிலுரைப் பாடல் (திருப்பாடல்), இரண்டாம் வாசகம், நற்செய்தி என்ற நான்கு பகுதிகளும் சில நிமிடங்களில் முடிந்துவிடும், மனம் எட்டிப்பிடிப்பதில்லை. குன்னூர்த் தேயிலைத் தொழிற்சாலைகளில் பறித்த கொழுந்தை உடனே உருட்டமாட்டார்கள். மணிக்கணக்கில் பரப்பி வாட்டுவார்கள். வாடாத இலை உருட்டும்போது நொறுங்கும். வசனமும் அப்படித்தான்.

நற்செய்தியில் தொடங்குங்கள், இரண்டு நாள் அதிலேயே இருங்கள். புதனன்று முதல் வாசகம். உதாரணமாக, முதல் ஆண்டுப் பொதுக்காலம் (கிறிஸ்துமஸ், உயிர்ப்பு போன்ற சிறப்புக் காலங்கள் அல்லாத நாள்கள்) 5ஆம் ஞாயிறு: "நீங்கள் உலகிற்கு ஒளி" என்கிறது மத்தேயு 5. பசித்தவரோடு உணவைப் பகிர்ந்தால் உன் ஒளி விடியலைப்போல் எழும் என்கிறது முதல் வாசகமான எசாயா 58. ஒளி எங்கிருந்து வருகிறது என்பது இப்போது தெரிகிறது, இல்லையா? வியாழன் பதிலுரைப் பாடல், வெள்ளி இரண்டாம் வாசகம், சனி நற்செய்தியை மறுபடி வாய்விட்டு. தினம் 10 நிமிடம் போதும். விளக்கவுரையை முதலில் திறக்காதீர்கள். பிறகு உங்கள் கேள்வி எழவே எழாது.

மூன்று வாசகங்களும் ஒரே கருத்தைத்தான் சொல்லும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் பொதுக்காலத்தில் இரண்டாம் வாசகம் ஒரு திருமுகத்தை (விவிலியத்தில் உள்ள கடிதத்தை) தொடர்ச்சியாக வாசித்துப் போவது, வலிந்து இணைக்க வேண்டியதில்லை.