கையொப்பத்துக்காக லொறி திரும்பும்வரை காத்திருப்பதா?

கணவர் நெடுந்தூர லொறி ஓட்டும் வீடுகளிலிருந்து இந்த வாரம் மூன்று கேள்விகள்.

மட்டக்குளி வாசகி: யாழ்ப்பாணத்தில் எனக்குச் சீதனமாகத் தந்த காணியை ஈடு வைத்துக் கடன் எடுக்க நினைக்கிறேன். கணவரின் சம்மதம் இல்லாமல் முடியாது என்கிறார் நொத்தாரிசு. என் காணிக்கு அவர் எதற்கு?

பதில்: நொத்தாரிசு சொன்னது சரி. சட்டம்தான் பழையது. உங்கள் கணவர், யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட வடமாகாணத் தமிழர் என்றால், 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, மனைவி தன் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அவர் தேசவழமைக்கு உட்படாதவர் என்றால் கதை வேறு: அந்த மணவாழ்வு நீடிக்கும்வரை உங்களையும் தேசவழமை கட்டுப்படுத்தாது. முதலில் இதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

கணவர் நியாயமின்றி மறுத்தாலோ, இருக்குமிடமே தெரியாமற் போனாலோ, மாவட்ட நீதிமன்றத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் லொறியில் இருப்பது மறுப்பு ஆகாதே! காணியைத் தாண்டி அடிக்கடி போய்வருகிறவரின் கையொப்பத்துக்கு நீதிமன்றம் எதற்கு? யாழ்ப்பாணத்தில் சாமான் இறக்கிவிட்டுத் திரும்பும் லோடுக்காகக் காத்திருப்பாரே, அந்த நாளை நொத்தாரிசிடம் சொல்லிவையுங்கள். வட்டி எவ்வளவு என்பதை மட்டும் உறுதியில் நீங்களே வாசித்துப் பாருங்கள்.

கொட்டாஞ்சேனை வாசகி: குளிர்சாதனப் பெட்டி பழுதாகிவிட்டது. தம்புள்ளையில் நின்றவரை அழைத்தேன். "நீயே பார்த்துச் செய்" என்றார். செய்தேன். வந்ததும், "இவ்வளவு செலவா?" என்று கோபம்.

பதில்: அவர் சொன்னது அனுமதி அன்று. வெங்காய மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர் தொலைபேசியை வைப்பதற்குச் சொன்ன சொல். அவர் வீட்டில் நிற்கும் நாளில், சாப்பாடு முடிந்த பிறகு, ஒரு தொகையைப் பேசி வையுங்கள். அதற்குக் கீழே என்றால் நீங்கள் தனியே, மேலே என்றால் இருவரும். எவ்வளவு என்று நான் சொல்ல மாட்டேன். அது உங்கள் வருமானத்தைப் பொறுத்தது. பற்றுச்சீட்டுகளைக் கலண்டர் ஆணியில் குத்தி வைக்கும் ஒரு வீட்டை நான் அறிவேன். செருப்பைக் கழற்றியதும் அந்த வீட்டுக்காரர் பார்ப்பது அதைத்தான்.

வங்கிக் கூட்டுக் கணக்கில், இருவரில் எவர் ஒருவரும் பணம் எடுக்கலாம் என்றே எழுதிக் கொடுங்கள். இருவரும் சேர்ந்து என்று எழுதினால், அவர் வவுனியாவில் நிற்கும் நாளில் உங்களுக்கு அது பூட்டிய பெட்டி.

வத்தளை வாசகி: ஆண் இல்லாத நேரத்தில் முடிவெடுக்கிறேன் என்று மாமியார் குறை சொல்கிறார்.

பதில்: மாமனாரும் லொறி ஓட்டியவர்தான் என்று எழுதியிருக்கிறீர்களே! கைத்தொலைபேசி இல்லாத அந்த நாட்களில், நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது முடிவெடுத்தது யார் என்று மாமியாரிடமே கேளுங்கள். சண்டையாக அல்ல, தேநீர் கொடுக்கும்போது.