பிள்ளைக வாத்தியாரைக் குறை சொன்னா எதை நம்புறது?

தேவகோட்டையிலேர்ந்து ஒரு ஆச்சி எழுதிக் கேட்டிருக்காக. மக காரைக்குடியில ஒரு கல்லூரியில பிஎஸ்சி பிசிக்ஸ் ரெண்டாவது வருஷம், வீட்டுக்கு வந்தா தினமும் புகார்தான். ஒரு சார் பாடமே நடத்துறதில்ல, கணக்கைக் குடுத்து எங்களையே போடச் சொல்றாரு. இன்னொரு சார் இன்டர்னல்ல (கல்லூரியிலயே போடுற உள்மதிப்பீட்டு மார்க்) 25க்கு 11 போட்டுட்டு பேப்பரைக் கேட்டா காட்டல, அதுக்கு மேல "நீயெல்லாம் எதுக்கு பிசிக்ஸ் எடுத்த"ன்னு கிளாஸ்ல வச்சுக் கேட்டிருக்காரு. ஒரு மேடத்துக்கு ரொம்பத் திமிரு, பஸ் லேட்டானா அட்டெண்டன்ஸ் கிடையாது. இதுல எது நியாயம், நான் நேர்ல போய் துறைத் தலைவரான ஹெச்ஓடியைப் பாக்கட்டுமா, கம்ப்ளைன்ட் பண்ணா மார்க்ல கை வச்சிருவாகளா, இதான் கேள்வி.

ஆச்சி, மூணையும் சேத்துப் பேசாதீங்க, மூணும் வேற வேற. பல வருஷம் கல்லூரியில பாடம் எடுத்து, மாணவர் புகாரை விசாரிக்கிற கமிட்டியிலயும் உக்காந்த அளவுல சொல்றேன், பிள்ளைக கண்ணால பாத்ததையும் காதால கேட்டதையும் சொன்னா பெரும்பாலும் அது நடந்ததாதான் இருக்கும். வாத்தியார் வந்தாரா வரலையா, பேப்பர் திருப்பிக் குடுத்தாரா, என்ன வார்த்தை சொன்னாரு, இதுக்கெல்லாம் பிள்ளைகளை விட்டா வேற சாட்சி யாரு இருக்கா? ஆனா "அவர் நடத்துறதே சரியில்ல"ன்னு சொல்றது அவுக மனசுக்குப் பட்டது, அதை அப்படியே எடுத்துக்க முடியாது.

முதல் சாரைப் பாருங்க. 2019ல அமெரிக்காவுல ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துல பிசிக்ஸ் கிளாஸ்லயே ஒரு ஆய்வு பண்ணாங்க, ஒரு குரூப்புக்கு நல்லா பேசுற வாத்தியார் லெக்சர், இன்னொரு குரூப் தாங்களே கணக்குப் போட்டு பக்கத்துல இருக்கவனோட பேசிக் கத்துக்கணும், அடுத்த பாடத்துக்கு ரெண்டு குரூப்பையும் மாத்தி விட்டாங்க. தானாப் போட்டுக் கத்துக்கிட்டப்ப டெஸ்ட்ல மார்க் கூட வந்துச்சு, ஆனா "நிறையக் கத்துக்கிட்டோம்"னு பிள்ளைக சொன்னது லெக்சரைத்தான்! மூளைக்கு வேலை வந்தா ஒண்ணும் ஏறாத மாதிரிதான் இருக்கும். அதனால அந்த சார் கணக்கைக் குடுத்துட்டு பெஞ்சு பெஞ்சா வந்து பாக்குறாரா, தப்பைத் திருத்துறாரா, இல்ல குடுத்துட்டு செல்போனை நோண்டுறாரான்னு மககிட்டக் கேளுங்க. பெஞ்சுக்கு வந்து திருத்துறவருன்னா அவரை விட்டுறாதீங்க, நல்ல வாத்தியார். செல்போன்தான்னா புகார் நியாயம்.

மேடம் விஷயத்துல எனக்கு மனசு கொஞ்சம் கஷ்டமாவே இருக்கு. அதே கண்டிப்பு ஒரு சார்கிட்ட இருந்தா "ஸ்ட்ரிக்ட் சார்", மேடம்னா "திமிரு". 2015ல வந்த ஒரு ஆய்வுல ஆன்லைன் கிளாஸ் எடுத்த ஒரு ஆணும் ஒரு பெண்ணும் பாதிப் பிள்ளைகளுக்கு தன் அடையாளத்தை மாத்திக் காட்டினாங்க. வேலையைத் திருத்தி ஒரே நேரத்துலதான் திருப்பிக் குடுத்தாங்க, ஆனா சீக்கிரமாக் குடுக்குறாங்களான்னு கேட்டதுக்குக்கூட ஆண்னு நெனச்ச வாத்தியாருக்குத்தான் மார்க் கூடப் போட்டுச்சுக பிள்ளைக. பஸ்தான் பிரச்சனைன்னா தேவகோட்டையிலேர்ந்து வர்ற பிள்ளைக எல்லாம் சேந்து கையெழுத்துப் போட்டு பிரின்சிபால்கிட்ட ஒண்ணு, டெப்போ கிளை மேலாளர்கிட்ட ஒண்ணு குடுங்க. 75 சதவீத அட்டெண்டன்ஸ் விதியை அந்த மேடம் கொண்டு வரல.

ரெண்டாவது சார்தான் முக்கியம், இங்க உங்க மக பக்கம் நியாயம் இருக்கு. நம்ம பக்கம் கலைக் கல்லூரிகள்ல பெரும்பாலும் இன்டர்னல் 25, யுனிவர்சிட்டி பரீட்சை 75, அந்த 25ல டெஸ்ட்டுக்கு எவ்வளவு அசைன்மென்ட்டுக்கு எவ்வளவுன்னு பிரிச்சுத்தான் போடணும். 11 சரியா தப்பான்னு எனக்குத் தெரியாது, மகளுக்கும் தெரியாது, பேப்பரைப் பாத்தாதான் தெரியும், அதைக் காட்டாததுதான் தப்பு. திருத்தின விடைத்தாளை எழுதினவரே பாக்கலாம்னு உச்ச நீதிமன்றம் 2011லயே சொல்லிருச்சு, அரசு கல்லூரி, யுனிவர்சிட்டின்னா 10 ரூபாய் கட்டி தகவல் உரிமைச் சட்டத்துல கேக்கலாம். ஆனா அதுக்கு முன்னாடி மகளே அந்த சார்கிட்ட போய் "பிரிச்சு எப்படிப் போட்டீங்க சார், பேப்பரைப் பாக்கலாமா"ன்னு மரியாதையாக் கேக்கட்டும், பாதி அங்கயே முடிஞ்சிரும். அந்த சார் நிரந்தர வேலையில்லாத கௌரவ விரிவுரையாளராவும் இருக்கலாம்; அவுகளுக்கு ஒரு கிளாஸுக்கு 1500, மாசம் 50,000 வரை குடுக்கலாம்னு பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2019ல சொன்னது பல எடத்துல காகிதத்தோட நிக்குது, பேப்பர் கட்டு தேங்குறதுக்கு அதுவும் ஒரு காரணம். ஆனா பிள்ளையை எல்லார் முன்னாடியும் அசிங்கப்படுத்துறதுக்கு சம்பளத்தைக் காரணம் சொல்ல முடியாது.

அங்க முடியலன்னா யுஜிசியோட 2023 விதி இருக்கு. ஒவ்வொரு கல்லூரியிலயும் மாணவர் குறைதீர்க் குழு இருக்கணும், புகார் வந்து 15 வேலை நாளுக்குள்ள அறிக்கை குடுக்கப் பாக்கணும், அதுல திருப்தி இல்லன்னா 15 நாளுக்குள்ள யுனிவர்சிட்டி ஓம்புட்ஸ்மேன்கிட்ட (மாணவர் குறைகளை விசாரிக்கிற அதிகாரி) மேல்முறையீடு. சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டக் கல்லூரின்னா அழகப்பா பல்கலைக்கழகம், புதுக்கோட்டைப் பக்கம்னா பாரதிதாசன். வெறுமனே மார்க்கைக் கூட்டிப் போடுங்கன்னு ஓம்புட்ஸ்மேன்கிட்டப் போனா எடுக்க மாட்டாக, என்ன முறைகேடு, என்ன பாரபட்சம்னு குறிப்பாச் சொல்லணும். பொய்ப் புகார்னா எழுதின பிள்ளை மேலயே நடவடிக்கை வரலாம், அதனால கோவத்துல ஒரு வரி கூட சேத்து எழுத விடாதீங்க.

அந்த சார் பேச்சோ பார்வையோ வேற மாதிரி இருந்தா இந்த வழியே வேணாம், பாலியல் தொல்லையை விசாரிக்கிற கல்லூரி உள்ளகப் புகார்க் குழுவுக்கு 3 மாசத்துக்குள்ள எழுத்துல குடுக்கணும், பெண்கள் உதவி எண் 181க்கும் கூப்பிடலாம். மகளைத் தனியா உக்கார வச்சு இதை ஒரு தடவை கேட்டுருங்க ஆச்சி.

மார்க்ல கை வைப்பாகளான்ற பயம் நியாயமான பயம், நடக்கவே நடக்காதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா தேதி போட்டு எழுதின புகார் கல்லூரி ரெக்கார்டுல இருந்தா அதுக்கப்புறம் மார்க்கைக் குறைக்கிறவர்தான் பதில் சொல்லணும், வாயால சொன்ன புகாருக்குத்தான் அந்த ஆபத்து அதிகம். நீங்க ஹெச்ஓடியைப் பாக்குறது தப்பில்ல, ஆனா முதல்ல புகார் மக கையெழுத்துல போகட்டும், கல்லூரியில பதில் சொல்லி முடிச்சப்புறம் அப்பச்சியையும் (மகளோட அப்பாவையும்) கூட்டிக்கிட்டு நீங்க போங்க. டெஸ்ட் தேதி, பேப்பரைக் கேட்ட தேதி, சார் சொன்ன வார்த்தை அப்படியே, பக்கத்துல இருந்த பிள்ளைக யாருன்னு ஒரு பக்கத்துல எழுதச் சொல்லுங்க. ரெண்டு காப்பி எடுத்துட்டுப் போய் ஒண்ணுல ஆபீஸ் சீலும் தேதியும் வாங்கி வச்சுக்கோங்க.