கொவிட் காலத்தில் மூளை அறுவை சிகிச்சை: ஒரு தாதியிடம் கேள்வி பதில்

சிங்கப்பூரில் நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்த தாதி நான். 2020 பற்றி நீங்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

ஈசூன் வாசகர்: கிருமிப்பரவலின்போது தலையில் அடிபட்டு வருபவர்கள் குறைந்துவிட்டார்களாமே, உண்மையா அக்கா?

உண்மைதான், ஆனால் அதில் இரண்டு விதம் உண்டு. ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை சர்க்கிட் பிரேக்கர், அதாவது இங்கே போட்ட ஊரடங்கு. சாலையில் வண்டி இல்லை, கட்டுமானத் தளங்களில் வேலை இல்லை. மோட்டார் சைக்கிளில் அடிபட்டவர்களும் சாரத்திலிருந்து விழுந்தவர்களும் குறைந்தது நிஜமான குறைவு. பல நாடுகளில் இதே கதைதான். ஆனால் பாத்ரூமில் வழுக்கி விழும் தாத்தா பாட்டிகளுக்கு ஊரடங்கு ஏது? மூளை ரத்தக்குழாயில் வீங்கியிருக்கும் இடம் வெடிப்பதும் நாள் பார்த்து நடப்பதில்லை. அப்படிப்பட்ட நோயாளிகளும் குறைந்தால் எனக்குக் கவலைதான் வரும். ஆஸ்பத்திரிக்குப் போனால் கொவிட் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து வீட்டிலேயே இருந்தவர்கள் அந்தக் கணக்கில் ஒளிந்திருக்கிறார்கள்.

தோ பாயோ வாசகி: அந்தச் சமயம் அம்மா விழுந்தார். லேசான வீக்கம்தான், பனடால் கொடுத்தோம். மூன்று வாரம் கழித்து நடை தள்ளாடியது, பேச்சு குழறியது. ஆபரேஷனுக்குப் பிறகு சரியானார். நாங்கள் தாமதித்ததுதான் காரணமா?

அப்படி நினைக்காதீர்கள். வயதாக ஆக மூளை கொஞ்சம் சுருங்கும். மூளையின் மேற்பரப்பிலிருந்து வெளியுறைக்குப் போகும் மெல்லிய சிரைகள் இழுபட்டு நிற்கும், சின்ன அடியிலேயே கிழிந்துவிடும். ரத்தம் மெதுவாகக் கசிந்து வாரக்கணக்கில் சேரும். முதல் நாள் ஸ்கேன் எடுத்திருந்தாலும் ஒன்றும் தெரியாமல் போயிருக்கலாம். பிறகு வரும் மறதியையும் தள்ளாட்டத்தையும் பார்த்து ‘வயசாச்சு’ என்று விட்டுவிடுவார்கள், கொவிட் நேரத்தில் இன்னும் எளிதாக. உங்கள் அம்மாவுக்கு மண்டையோட்டில் சிறு துளை போட்டு ரத்தத்தை வடித்திருப்பார்கள். பெரும்பாலானவர்கள் நன்றாகத் தேறிவிடுகிறார்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவருக்குத் தலையில் எந்த அடி பட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

துவாஸ் வாசகர்: எங்கள் தங்கும் விடுதியில் ஒரு நண்பனுக்குக் கொவிட் வந்து போன பிறகு கடும் தலைவலி, வலிப்பு. மூளையில் ரத்தக்கட்டு என்றார்கள். இளவயதுக்காரன், தலையில் அடியும் படவில்லையே?

அடிபட வேண்டியதில்லை தம்பி. கொவிட் ரத்தத்தை உறைய வைக்கும் இயல்புள்ளது. இளவயதினருக்கும் பக்கவாதம் வந்ததை 2020-லேயே மருத்துவர்கள் கவனித்தார்கள். மூளையிலிருந்து ரத்தம் வெளியேறும் சிரையை ரத்தக்கட்டு அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும். தலைவலி, வாந்தி, மங்கலான பார்வை, வலிப்பு எல்லாம் அதனால்தான். இதற்கு முதல் சிகிச்சை கத்தி அல்ல, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து. அதையும் மீறி வீங்கினால், மூளைக்கு இடம் கிடைக்க மண்டையோட்டின் ஒரு பகுதியை எடுத்து வைப்பார்கள், பிறகு பொருத்துவார்கள்.

புக்கிட் பாஞ்சாங் வாசகர்: கொவிட் பரிசோதனை முடிவு வரும்வரை அவசர அறுவை சிகிச்சையைத் தள்ளிப் போட்டார்களா?

உயிருக்கு ஆபத்தென்றால் காத்திருப்பதில்லை. தொற்று இருப்பதாகவே வைத்துக்கொண்டு, என்95 முகக்கவசமும் முழு அங்கியும் போட்டுக்கொண்டு செய்வது. மண்டையோட்டைத் துளைக்கும்போது துகள் பறக்கும். மூக்கு வழியாகச் செய்யும் அறுவை சிகிச்சையில் பயம் இன்னும் அதிகம், அதனால் முடிந்தவரை ஒத்திவைத்தார்கள். காற்றை வடிகட்டித் தரும் தலைக்கவசம் போட்டால் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. பாதி நேரம் கைச்சாடைதான்!

செங்காங் வாசகி: அப்பாவின் மூளைக் கட்டியை ஏன் ஒத்திவைத்தார்கள்?

மெதுவாக வளரும் கட்டி சில வாரம் பொறுக்கும். பார்வை போகிறது, நினைவு தப்புகிறது என்றால் பொறுக்காது. அதைப் பார்த்துத்தான் வரிசை.

ஜூரோங் வாசகர்: இன்னொரு தொற்று வந்தால், எதற்கு ஆம்புலன்ஸுக்கு 995 அழைக்கலாம், எதற்குப் பொறுக்கலாம்?

வாய் கோணுவது, ஒரு பக்கக் கை விழுவது, பேச்சுக் குழறுவது, இதுவரை வராத அளவு திடீரென்று வெடிக்கும் தலைவலி, அடிபட்ட பிறகு திரும்பத் திரும்ப வாந்தி, மயக்கம் அல்லது தூக்கக் கலக்கம், முதல் வலிப்பு. இதில் எது வந்தாலும் அப்போதே அழையுங்கள். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதனால் கடைசியாக அவர் எப்போது நன்றாக இருந்தார் என்று ஆம்புலன்ஸ்காரர் கேட்பார், நேரத்தைச் சொல்லுங்கள். அவர் சாப்பிடும் மருந்துகளையும் ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள்.