மாத்திரை சாப்பிட்ட மீன்

கேள்வி: நாம் சாப்பிடும் மாத்திரை ஆற்றில் கலந்து மீன்களின் குணத்தையே மாற்றுகிறதாமே? உண்மையா, வாட்ஸ்அப் புரளியா? நான் பதற்றத்துக்கு மாத்திரை எடுப்பவள், அதனால் கேட்கிறேன். (வாசகி, கும்பகோணம்)

பதில்: இந்தத் தடவை வாட்ஸ்அப் பொய் சொல்லவில்லை. விழுங்கிய மருந்தில் ஒரு பங்கு சிறுநீரோடு வெளியே போகிறது. கழிவுநீர் நிலையங்களை மருந்தைப் பிடிப்பதற்கென்று யாரும் கட்டவில்லை, அதனால் சில மருந்துகள் நழுவி ஆற்றுக்குப் போய்விடுகின்றன.

உங்களைப் போல் பதற்றத்துக்கு எடுக்கும் மருந்து ஒன்றை வைத்தே சோதித்திருக்கிறார்கள். ஸ்வீடனில் ஊமியோ பல்கலைக்கழகத்தார் 2013-ல் வெளியிட்ட ஆய்வு அது. ஆக்ஸசெபாம் என்ற பதற்றம் தணிக்கும் மருந்தை லிட்டருக்கு 1.8 மைக்ரோகிராம் கலந்த தண்ணீரில் பெர்ச் என்ற நன்னீர் மீன்களை விட்டார்கள். எவ்வளவு என்று புரிய வேண்டுமானால், 10 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை ஒரு சின்ன தண்ணீர் லாரியில் கரைத்த அளவு, அவ்வளவுதான்! அதற்கே மீன்கள் சுறுசுறுப்பாகி, கூட்டத்தை விட்டு விலகி, இரையை வேகமாகத் தின்றன. டோஸை நிறைய ஏற்றியபோது தயக்கமே இல்லாமல் புது இடத்துக்குள் நீந்திப் போயின. மனித மூளையில் இந்த மருந்து போய் ஒட்டும் அதே வகை ஏற்பிகள் மீன் மூளையிலும் உண்டு, அதுதான் காரணம்.

தைரியம் வந்தால் நல்லதுதானே என்பீர்கள். 2025-ல் வந்த ஆய்வு அப்படித்தான் தோன்ற வைக்கும்: ஸ்வீடனிலேயே டால் ஆற்றில் குளோபசாம் என்ற, இதே வகை மருந்தை உடலில் பொருத்தி விட்ட சால்மன் குஞ்சுகள் அணைகளைச் சீக்கிரம் தாண்டின, பால்டிக் கடலுக்குப் போய்ச் சேர்ந்தவையும் அதிகம். எனக்கு இதில் சந்தோஷம் இல்லை. ஆய்வுக்கூடத்தில் அதே மருந்து, எதிரி மீன் பக்கத்தில் இருக்கும்போதும் குஞ்சுகளை ஒன்றைவிட்டு ஒன்று விலகி நீந்த வைத்தது. கூட்டமாகப் போவதுதானே சின்ன மீனுக்குப் பாதுகாப்பு? கடலில் வாய் திறந்து காத்திருப்பவற்றுக்கு இது கொண்டாட்டம்.

சரி, இதற்காக நீங்கள் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், டாக்டரைக் கேட்காமல் பாதியில் விடுவது ஆபத்து. சரிசெய்ய வேண்டிய இடம் கழிவுநீர் நிலையம்தான். ஓசோனும் கரித்தூளும் மருந்துகளில் பெரும்பகுதியை நீக்கிவிடும். சுவிட்சர்லாந்தில் 2016 முதல் சட்டமே போட்டு, சுமார் 100 நிலையங்களில் இந்த வசதியைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு ஓர் ஆளுக்கு வருடம் அதிகபட்சம் 9 ஃபிராங்க் வசூலிக்கிறார்கள்.