மீன் இருக்கும் இடத்துக்குப் பென்குயின் போய்விட வேண்டியதுதானே?

"கடல் மாறினால் பறவையும் மீனைத் தேடி இடம் மாற வேண்டியதுதானே, இதற்கு ஏன் இவ்வளவு கூச்சல்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதோ ஆவணப்படம் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கேப் டவுனில் வேலை பார்த்துக்கொண்டு, வார இறுதிகளில் கடற்பறவைக் காப்பகம் ஒன்றில் தொண்டு செய்கிற எனக்கு இந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது.

ஆப்பிரிக்கப் பென்குயின்கள் போகத்தான் செய்கின்றன. போன இடத்தில் மீன் இல்லை.

இங்கே தென்கிழக்குக் காற்று மேல்நீரைத் தள்ள, அடியிலிருந்து குளிர்ந்த, சத்துள்ள நீர் மேலே வருகிறது. அதில் நுண்பாசி பெருகும்; அதைத் தின்ன மத்தியும் நெத்திலியும் கூடும். பாசியை நீரில் மிதக்கும் நுண்விலங்குகள் மேயும்போது ஒரு கந்தக வாசனை எழும். அந்த வாசனையைப் பென்குயின்கள் முகர்ந்து அறிகின்றன. தலைமுறை தலைமுறையாக இந்த அடையாளம் பொய்த்ததில்லை. 1990களின் பிற்பகுதியிலிருந்து மீன் கூட்டம் ஆப்பிரிக்காவின் தென்கோடியான அகுல்யாஸ் முனையைத் தாண்டிக் கிழக்கே நகர்ந்துவிட்டது. நமீபியாவிலோ மத்தி அதற்கும் முன்பே அளவுமீறிப் பிடிக்கப்பட்டு அழிந்தது. இப்போது அங்கே ஜெல்லி மீன்கள்தான் மண்டிக் கிடக்கின்றன. ஆனால் குளிர்ந்த நீரும் பாசியும் பழைய இடத்திலேயே இருக்கின்றன. பந்திக்கு அழைத்து வெற்று இலை போட்டது போலத்தான். இளம் பறவைகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தி நடத்திய ஆய்வு 2017இல் வெளிவந்தது. அவை நமீபியா வரை நீந்தி, மிகச் சரியான அடையாளம் உள்ள, மிகத் தவறான இடங்களுக்கே போய்ச் சேர்ந்தன.

குஞ்சு வைத்திருக்கும் தாய் தகப்பனுக்கு அந்த வழியும் இல்லை. பறக்க முடியாது, கூட்டிலிருந்து இருபது, நாற்பது கிலோமீட்டருக்குள் வேட்டையை முடித்துத் திரும்ப வேண்டும். ஆண்டுக்கொருமுறை இறகு மொத்தமும் உதிர்ந்து முளைக்கும் மூன்று வாரம் கடலிலேயே இறங்க முடியாது. அதற்கு முன்பே கொழுப்பு சேர்க்க வேண்டுமே என்று குஞ்சுகளை விட்டுப் போய்விடுகின்றன.

அப்படிக் கைவிடப்பட்ட குஞ்சுகள்தான் எங்களிடம் வருகின்றன. சென்ற பருவத்தில் வந்த ஒன்றைத் தூக்கியபோது மார்பெலும்பு கையுறையையும் மீறி விரலில் குத்தியது. இரண்டு தொடைகளுக்கு நடுவில் பிடித்து, அலகைத் திறந்து, மத்தியைத் தலைப்பக்கமாக உள்ளே விட வேண்டும். வால் முதலில் போனால் துடுப்பு முள் தொண்டையைக் கிழிக்கும். முதல் மீனைக் கக்கிவிட்டது. இரண்டாவதை விழுங்கிய பிறகு என் முழங்கையைக் கவ்விய கவ்வு இருக்கிறதே, தழும்பு இன்னும் மறையவில்லை. கடிக்கத் தெம்பு வந்துவிட்டதே என்று எங்கள் மேற்பார்வையாளர் அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

மீன்பிடியைக் கட்டுப்படுத்த வேண்டும் என்றால் உடனே "மீனவர் வயிற்றில் அடிக்கிறாயா?" என்று ஒருவர் கிளம்புவார். நான் குளச்சல்காரன், கரைமடி இழுத்த குடும்பம். கடல் மாறியது எவ்வளவு, பெரிய சுருக்குவலைக் கப்பல்கள் அள்ளியது எவ்வளவு என்ற வாதம் இன்னும் ஓயவில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் 2024இல் இந்தப் பறவை அழிவின் விளிம்பில் உள்ளதாக அறிவிக்கப்பட்டுவிட்டது; மிஞ்சியவை பத்தாயிரம் ஜோடிக்கும் குறைவு. பென்குயின்கள் கூடு கட்டும் ஆறு இடங்களைச் சுற்றி மத்தியும் நெத்திலியும் பிடிக்கத் தடை வேண்டும் என்று வழக்குப் போட்டு, 2025 மார்ச்சில்தான் உடன்பாடு வந்தது.

     

நீங்கள் கேட்ட இடமாற்றத்துக்கு வருகிறேன். மீன் நகர்ந்த பக்கமாகத் தென்கரையில் டி ஹூப் காப்பகம் இருக்கிறது. அங்கே பென்குயின் பொம்மைகளை நிறுத்தி, பென்குயின் குரலை ஒலிக்கவிட்டு, கையால் வளர்த்த குஞ்சுகளைக் கொண்டுபோய் விடுகிறார்கள். சில ஜோடிகள் அங்கே முட்டையிடத் தொடங்கிவிட்டன.