நோ காஸ்ட் இஎம்ஐயில் ஃபிரிட்ஜ் வாங்கினால் வட்டியே கிடையாதா?

வட்டி உண்டு, உங்கள் கண்ணில் படாது, அவ்வளவுதான். பொருளின் விலையை மாதத் தவணையாகப் பிரித்து, 'கூடுதலாக எதுவும் வேண்டாம்' என்று சொல்வதுதான் நோ காஸ்ட் இஎம்ஐ. ஆனால் கடன் கொடுக்கும் வங்கி சும்மா கொடுக்காது. அதன் வட்டியைக் கடைக்காரரோ கம்பெனியோ தள்ளுபடி என்ற பெயரில் ஏற்றுக்கொள்கிறார்கள், இல்லையென்றால் அது விலையிலேயே ஒளிந்திருக்கும். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என ரிசர்வ் வங்கி 2013இலேயே சொல்லிவிட்டது.

தெருமுனை அண்ணாச்சி கடையில் நோட்டில் எழுதி வாங்குவோமே, அது மாதிரிதான். அவர் வட்டி கேட்க மாட்டார், ஆனால் பருப்பு விலை கிலோவுக்கு இரண்டு மூன்று ரூபாய் கூடவே இருக்கும்.

ஃபிரிட்ஜ் 24,000 ரூபாய், 12 மாதம், மாதம் 2,000 என்றால் கணக்கு சரியாகத்தான் தெரியும். அப்புறம் பிராசஸிங் கட்டணம் வரும், கிரெடிட் கார்டு என்றால் அந்த வட்டித் தொகைக்கு 18% ஜிஎஸ்டியும் வரும். அதனால் கடையில் முதலில் கேட்க வேண்டியது, "மொத்தமாகக் கொடுத்தால் எவ்வளவுக்குத் தருவீர்கள்?" என்பதுதான் (கேட்க நாம்தான் கூச்சப்படுகிறோம்).

வட்டி இல்லாததால் இது கடனே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். கடன்தான், ஒரு தவணை தவறினாலும் அபராதம் விழும், சிபில் ஸ்கோரும் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் மதிப்பெண்) இறங்கும்.