இலையில் இருப்பது மருந்தா, வெறும் பச்சையா? வாசகர் கேள்விகள்

கேள்வி: நிலவேம்பு இலையை மெத்தனாலில் மூன்று நாள் ஊறவைத்தேன். கரும்பச்சைப் பிசின்தான் கிடைத்தது. இதிலிருந்து, அழற்சியை (வீக்கத்தை) அடக்கும் சேர்மமான ஆண்ட்ரோகிராஃபோலைடை எப்படிப் பிரிப்பது?

பதில்: அந்தப் பிசினை அப்படியே சேர்மங்களைப் பிரிக்கும் சிலிகாத் தூள் குழாயில் (column) ஏற்றாதீர்கள், சிலிகா முழுக்கப் பச்சை வழியும். நிழலில் உலர்த்திய பொடியை முதலில் ஹெக்சேனில் அலசினால் மெழுகும் கொழுப்பும் கழன்றுவிடும். அப்புறம் மெத்தனால். அந்தச் சாற்றில் சார்கோல் பொடி போட்டு, லேசாகச் சூடாக்கி வடிகட்டினால் பச்சையத்தில் பெரும்பங்கு கரியோடு போய்விடும். சேர்மமும் கொஞ்சம் போகும், பரவாயில்லை. வடிநீரைச் சுண்டவைத்துக் குளிரில் விடுங்கள். படிகங்கள் குடுவைச் சுவரில் ஒட்டியதும் வழித்தெடுத்து, மறுபடி மெத்தனாலில் கரைத்துப் படிகமாக்குங்கள். சேர்மங்களைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் டிஎல்சி தகட்டில் ஒரே புள்ளி வந்துவிட்டதென்று நிறுத்திவிடாமல், மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆரும் எடுங்கள்.

கேள்வி: வீக்கத்தைத் தடுக்குமா என்று பார்க்கும் முட்டை வெள்ளைக்கரு சோதனையில் என் இலைச்சாறு 104 சதவீதத் தடுப்பு காட்டுகிறது. வீக்கத்துக்கான மருந்து டைக்ளோஃபெனாக்கே அதற்குக் கீழேதான். காப்புரிமைக்குப் போகலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். அங்கே நீங்கள் பார்ப்பது வீக்கமே இல்லை, சூட்டில் வெந்த புரதத்தின் கலங்கல். பலரும் போடும் கணக்கு இது: சாறு உள்ள குழாயின் ஒளி உறிஞ்சல் அளவீட்டைச் சாறில்லாத குழாயின் அளவீட்டால் வகுத்து, ஒன்றைக் கழித்து, நூறால் பெருக்குவது. அளவீடு கூடக் கூட 'தடுப்பு' கூடும். அளப்பதோ 660 நானோமீட்டரில்; பச்சையம் சிவப்பு ஒளியை விழுங்குவதும் அந்த இடத்தில்தான்! முட்டை சேர்க்காமல், அதே செறிவில் சாற்றை மட்டும் அளந்து கழித்துவிட்டுச் சொல்லுங்கள். மாணவனாக இருந்தபோது எனக்கும் இப்படியொரு 'கண்டுபிடிப்பு' வாய்த்தது. கழித்துப் பார்த்தேன், சொல்லிக்கொள்ள ஒன்றும் மிஞ்சவில்லை.

கேள்வி: ஆர்ஏடபிள்யூ 264.7 என்ற எலி நோயெதிர்ப்புச் செல்களில், அழற்சியைத் தூண்டும் பாக்டீரியப் பொருளான எல்பிஎஸ் கொடுத்தபின், நைட்ரைட்டை அளக்கும் க்ரீஸ் சோதனை செய்தேன். என் சேர்மம், அழற்சியின் அடையாளமான நைட்ரைட்டை ஏறக்குறைய இல்லாமலே ஆக்கிவிட்டது.

பதில்: செல்கள் உயிரோடு உள்ளனவா என்று பார்க்கும் எம்டிடி சோதனை செய்தீர்களா? செத்த செல்லும் நைட்ரைட் தராது. ஆண்ட்ரோகிராஃபோலைடு, செல்லில் அழற்சியை முடுக்கும் என்எஃப்-கேப்பா-பியின் பி50 புரதத்தில் 62-ஆவது இடத்திலுள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தைப் பற்றிக்கொண்டு அழற்சியை அடக்குவதை 2004-இலேயே காட்டிவிட்டார்கள். அதே சேர்மம் அளவு மீறினால் செல்லையே கொல்லும். செல்கள் உயிரோடிருக்கும் செறிவில் நைட்ரைட் குறைந்தால்தான் கணக்கு.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வீக்கம். நிலவேம்புக் குடிநீர் கொடுக்கலாமா?

பதில்: அது ஒன்பது சரக்கு சேர்ந்த சித்த மருந்து, காய்ச்சலுக்கானது. ஆய்வகத்தில் சேர்மத்தைத் தட்டில் செல்லின் மேல் நேராக ஊற்றுகிறோம். ஆனால் வாய்வழி போனால் ஆண்ட்ரோகிராஃபோலைடில் சிறு பங்குதான் இரத்தத்தில் சேர்கிறது. அம்மாவை மூட்டு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.